கப்பல் ஏறும் முன் பி12 பாருங்கள்

"மெயின்லேண்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க." இங்கே அந்தமானின் ஃபெரார்கஞ்சில் இதைக் கேட்ட வீட்டில் அன்று அடுப்பு எரியாது. சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். அதற்குள் பிளட் கேன்சர் என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் சேர்ந்து குறைந்திருந்தால் எனக்கும் பதறும். ரத்தப் புற்றுநோயில் அப்படி வரும். பி12 வைட்டமினோ ஃபோலிக் அமிலமோ வற்றிய உடம்பிலும் அப்படியே வரும். இவை இல்லாமல் டி.என்.ஏ. சரியாக உருவாகாது. எலும்பு மஜ்ஜையில் அணுக்கள் பெருத்து, உட்கரு முதிராமல் நின்று, பெரும்பாலும் அங்கேயே மடியும். மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால் லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோயோ என்ற சந்தேகம் தேர்ந்த கண்ணுக்கும் வரலாம்.

பக்கத்து வீட்டு அத்தைக்கு இதுதான் நடந்தது. மீன் மலிந்த தீவில் மீன் தொடாதவர்; சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின்; இரண்டாலும் பி12 குறையலாம். "மறைக்காமச் சொல்லும்மா, கேன்சர்தானே?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல் முட்டிகள் கறுத்திருந்தன. பாதம் எரிகிறது என்றார். நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் பெரிதாக, முட்டை வடிவில் தெரிந்தன. நியூட்ரோஃபில் உட்கருவில் மூன்று நான்கு மடல் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. டாக்டர் பி12 பார்க்கச் சொன்னார், மிகக் குறைவு. ஊசி தொடங்கிய ஒரு வாரத்தில் புது அணுக்கள் ஏறின. இரண்டு மாதத்தில் ரிப்போர்ட் சீரானது.

ஃபோலிக் அமிலம் என்றதும், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது அவருடைய குழு. லுக்கேமியா குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தபோது நோய் முற்றுவதாக டாக்டர் சிட்னி ஃபார்பருக்குத் தோன்றியது. பிறகு அதே குழு தந்த ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்தான அமினோப்டெரினால் சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை அவர் 1948இல் வெளியிட்டார்.

அதனால் கடையில் ஃபோலிக் மாத்திரை வாங்கி நீங்களே விழுங்காதீர்கள். இன்னொன்று, பி12 குறைவில் அது ரத்தத்தை மட்டும் தேற்றும். நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

மூன்று அணுக்களும் குறைந்திருந்தால், வைட்டமின் ஊசி போடும் முன்பே ரத்தம் எடுத்து பி12, ஃபோலேட் அளவு பார்க்கச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தாலோ, ஊசிக்குப் பிறகும் தேறாவிட்டாலோ, மஜ்ஜைப் பரிசோதனையை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.