பழைய காரும் வியாபாரியின் முதல்தான்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் வரிச்சுமையால் புதிய வாகனம் சிறு வியாபாரிகளுக்கு எட்டாக்கனியே. கையிலுள்ள பழைய கொரோலாவையோ சனியையோ பேணிக்கொள்வதே இலாபம்.

காலையில் எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஒயிலையும் ரேடியேட்டரையும் பாருங்கள். வெறும் குழாய் நீர் துருவை உண்டாக்கும், கூலன்ட் ஊற்றுங்கள். சூடேறிய எஞ்ஜினைத் தொடர்ந்து ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். கசியும் ஒரு ஹோஸைக் கவனியாததால் எஞ்ஜினையே இழக்க நேரிடலாம்.

மேலதிக லைட், செட் பொருத்துவோர் பியூஸ் இன்றி வயர் இழுக்க வேண்டாம், தீப்பிடிக்கும் அபாயமுண்டு. பிரேக், ஸ்டியரிங் வேலைகளை அனுபவமுள்ள மெக்கானிக்கிடமே விடுங்கள். பஞ்சிகாவத்தைக்கு உதிரிப்பாகம் வாங்கச் செல்லும்போது கழற்றிய பாகத்தையும் செஸி இலக்கத்தையும் கொண்டு செல்லுங்கள். பொருந்தாத பொருளில் உங்கள் பணம் முடங்காது.