கிடாருக்குப் பிக்கப் வாங்குமுன்

மளிகை வணிகருக்கும் எலெக்ட்ரிக் கிடாருக்கும் என்ன சம்பந்தம் என்று வணிக அன்பர்கள் கேட்கலாம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பணத்திற்கு வந்து நிற்பது நம் கல்லாவின் முன்புதானே! “ஓசை சரியில்லை, பிக்கப் மாற்ற வேண்டும்” என்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கணக்குச் சொல்கிறார்கள். சரக்கு இன்னதென்று தெரியாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பது நம் வழக்கமல்ல. ஆசையாகக் கேட்கும் பிள்ளையை வெறுமனே விரட்டுவதும் சரியல்ல.

பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றிய முடி போன்ற செப்புக் கம்பிச் சுருளும்தான். எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது சுருளில் சிறிதளவு மின்சாரம் உண்டாகிறது. அதை ஆம்ப்ளிபையர் பெரிதாக்குகிறது. 1954-இல் வந்த பெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் இருப்பது ஒற்றைச் சுருள். கணீரென்று ஒலிக்கும், ஆனால் டியூப்லைட் சோக், மின்மாற்றி அருகே போனால் இரையும். இந்த இரைச்சலைப் போக்க கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இரட்டைச் சுருள் அமைத்து, 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சுருள்கள் எதிரெதிராக அமைந்திருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். தந்தியின் ஓசை மட்டும் கனமாக வரும்.

உதிரியாகப் பிக்கப் விற்கும் தொழில் அமெரிக்காவில் 1970-களில்தான் தலையெடுத்தது. லாரி டிமார்சியோ 1972-இல் ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தார். முழுக் கிடார் விற்ற பெரிய கம்பெனிகள் கவனிக்காத சந்தையை உதிரி விற்றவர் பிடித்தார். வியாபாரியாக நாம் ரசிக்க வேண்டிய இடம் இது.

இனி, பிள்ளைகள் ஏமாறும் இடத்திற்கு வருவோம். பிக்கப்பின் விவரத்தில் ‘8 கிலோ ஓம்’, ‘16 கிலோ ஓம்’ என்று ஓர் எண் இருக்கும். எண் பெரிதானால் சரக்கு உசத்தி என்று நினைத்து விடுகிறார்கள். மிளகாயின் நிறத்தைப் பார்த்துக் காரத்தை முடிவு செய்வது போலத்தான் இது. பேடகி மிளகாய் நல்ல சிவப்பு, காரமோ குறைவு என்பது நமக்குத் தெரியாததா? கம்பியை இன்னும் மெல்லியதாக்கினாலே ஓம் ஏறிவிடும். காந்தம் எது, சுற்று எத்தனை என்பதையும் பார்க்க வேண்டும். சுற்று கூடினால் ஓசை பலக்கும். கீச்சு ஓசையின் தெளிவு மங்கும். மெல்லிசை வாசிப்பவருக்கு அது நஷ்டமே.

ஆகவே பிள்ளையிடம் கேட்க வேண்டியது, “இப்போதுள்ள ஓசையில் என்ன குறை?” என்பதுதான். இரைச்சல் என்றால் ஒற்றைச் சுருள் பள்ளத்திலேயே பொருந்தும் இரட்டைச் சுருள் வகையும் கிடைக்கிறது. மந்தமான ஓசை என்றால் முதலில் புதுத் தந்தி போட்டுப் பார்க்கட்டும். பிறகு பிக்கப்பின் ஓரத்துத் திருகுகளைத் திருப்பி, தந்திக்கு அருகிலும் தள்ளியும் வைத்துக் கேட்கட்டும். இந்த வேலைக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். பாதிப் பேருக்கு இதிலேயே குறை தீர்ந்துவிடும் என்பது நம் எண்ணம்.

அப்படியும் வாங்கத்தான் வேண்டுமென்றால், பள்ளத்தின் அளவையும் தந்திகளின் இடைவெளியையும் அளந்துகொண்டு கடைக்குப் போகட்டும். வால்யூம் திருகியையும் பார்க்க வேண்டும். ஒற்றைச் சுருளுக்கு 250, இரட்டைக்கு 500 கிலோ ஓம் போடுவது வழக்கம். கழற்றிய பழைய பிக்கப்பை எறியாமல் உறையிலிட்டு வைக்கச் சொல்லுங்கள். நாளை கிடாரை விற்க நேர்ந்தால், அசல் பாகம் எங்கே என்றுதான் வாங்குபவர் முதலில் கேட்பார்.