கண்டியில் ஒரு ஸ்கொத்லாந்துக் கோயில்

கண்டி நகரிலே ஸ்கொத்லாந்தினர் அமைத்த பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைக் கோயில் ஒன்று உளது. அச்சபையிலே பேராயர் இலர். சபையார் தேர்ந்த மூப்பர்களே குருவானவருடன் கூடி நிருவகிப்பர்.

1840களில் கோப்பித் தோட்டங்கள் செழித்த காலத்தில் அது வேரூன்றியது. தோட்டத் துரைமாரிற் பலர் ஸ்கொத்லாந்தினர். ஆயின் அச்செழிப்பை ஈட்டிக் கொடுத்தோர் யாவர்? தமிழகத்திலிருந்து மன்னாரில் வந்திறங்கி, மாத்தளை வழியே காடு கடந்து நடந்த தொழிலாளரே. பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர்.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, ஸ்கொத்லாந்தினரான ஜேம்ஸ் டெயிலர் 1867இல் பயிரிடத் தொடங்கிய தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. 1892இல் மறைந்த அவருக்குக் கண்டி மகியாவை மயானத்திலே கல்லறை உண்டு. காட்டுவழியில் மாண்ட தமிழருக்கோ கல்லுமில்லை, பெயருமில்லை.

மாணவரே, அக்கோயிலைக் காணுங்கால் அவ்வழிநடையையும் எண்ணுங்கள்.