நாற்பதில் கனடா: யார் முதலில் இறங்கி வருவது?

கனடாவில் குடியேற விண்ணப்பிப்பவர்களுக்கு வயதும் ஒரு மார்க். 2015 ஜனவரியில் தொடங்கிய 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில், தம்பதியாக விண்ணப்பித்தால் முதன்மை விண்ணப்பதாரருக்கு 20 முதல் 29 வயது வரை வயதுக்கு மட்டும் 100 மார்க். 35 வயதில் அது 70, 40 வயதில் 45. 45 வயதாகிவிட்டால் பூஜ்யம். எங்கள் வீட்டில் கணக்குப் போட்டோம். வீட்டுக்காரருக்கு 43 வயது, 15 மார்க். எனக்கு 39 வயது, 50 மார்க். எனவே விண்ணப்பம் என் பெயரில் போனது.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்குப் பதினைந்து வருட வேலை. அவர் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். மகள் ஒன்பதாவது முடித்திருந்தாள், மகன் சின்னவன். "ரெண்டு பேருக்கும் நல்ல வேலை இருக்குது, அங்க போயி என்ன பண்ணப் போறீங்க கண்ணு?" என்று மாமியார் கேட்டார். குழந்தைகளின் மேல்படிப்புதான் எங்கள் பதில். 2023 ஆகஸ்டில் டொரோண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் வந்து இறங்கினோம்.

இருபத்தைந்து வயதில் தனியாளாக வருகிறவருக்கு ஒரு வேலை கிடைத்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது. நாற்பதில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அப்படியில்லை. கணவன், மனைவி இருவரின் தொழிலும் ஒரே சமயத்தில் பழைய இடத்துக்குத் திரும்புவது அபூர்வம். யாராவது ஒருவர் முதலில் படி இறங்கியாக வேண்டும். அது யார், எவ்வளவு காலம் என்பதை ஊரிலேயே பேசி முடித்துவிட்டு வருவது நல்லது.

கிளம்பும் முன்

சேர்த்து வைத்த பணம் எவ்வளவு என்பதை அரசே கேட்கிறது. 2025 ஜூலைக் கணக்கில், நால்வர் குடும்பம் காட்ட வேண்டிய தொகை 28,000 கனடா டாலருக்கு மேல். அது குறைந்தபட்சம்தான். ஸ்கார்பரோவில் எங்கள் இரண்டு அறை பேஸ்மென்ட் வீட்டுக்கே மாதம் 2,000 டாலர் வாடகை.

காகிதங்களில் முக்கியமானவை வேலை அனுபவச் சான்றிதழ்கள். பதவி, தேதி மட்டும் போதாது. என்ன வேலை செய்தோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் டிரைவிங் லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட் வாங்கி வாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவத்தை நிரூபித்தால், ஒன்டாரியோவில் ஜி1 எழுத்துத் தேர்வு முடித்ததும் நேராக முழு லைசென்ஸுக்கான சாலைத் தேர்வுக்குப் போகலாம்.

நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு விஷயம். நகைகளைப் போட்டோ எடுத்து, மதிப்புச் சான்றோடு பட்டியலாக்கி, வந்து இறங்கும் அன்றே சுங்க அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். பின்னால் கொண்டுவரப் போகும் நகைகளையும் அதில் சேர்த்தால் பிறகு வரிச் சிக்கல் வராது. பல் வைத்தியம், கண்ணாடி ஆகியவற்றை ஊரிலேயே முடித்துவிடுவது லாபம். ஒன்டாரியோவின் 'ஓஹிப்' அரசு மருத்துவக் காப்பீடு டாக்டரையும் ஆஸ்பத்திரியையும் பார்த்துக்கொள்ளும். பெரியவர்களின் வழக்கமான பல் வைத்தியத்துக்கும் கண்ணாடிக்கும் அது பணம் தராது.

வீடும் பள்ளியும்

வீடு பிடிப்பதுதான் முதல் சோதனை. கிரெடிட் ஸ்கோர் என்ன, வேலைக் கடிதம் எங்கே என்று கேட்பார்கள். புதிதாக வந்தவர்களிடம் இரண்டுமே இருக்காது. ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டச் சொன்ன ஒருவரிடமிருந்து மெதுவாக நழுவினோம். ஒன்டாரியோ சட்டப்படி, வீட்டு உரிமையாளர் முன்பணமாகக் கேட்கக்கூடியது அதிகபட்சம் ஒரு மாத வாடகை. அதுவும் கடைசி மாத வாடகைக்குத்தான் கழியும். எங்களுக்கு வீடு தந்தவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். "முதல் மாசமும் கடைசி மாசமும் தந்தாக் காணும் பிள்ளை, பிள்ளையளைக் கெதியாப் பள்ளிக்கூடத்தில சேருங்கோ" என்றார். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து, இதே ஊரில் அடியிலிருந்து தொடங்கியவர்கள் இங்குள்ள யாழ்ப்பாணத் தமிழர்கள். புதிதாக வந்த குடும்பத்தின் கஷ்டத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. இங்கே முகவரியை வைத்துத்தான் அரசுப் பள்ளி. வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்தால்தான் பள்ளி உறுதியாகும். தடுப்பூசி அட்டையும் கட்டாயம் கேட்பார்கள். சின்னவனைப் பிறந்த வருடத்தைப் பார்த்து வகுப்பில் போட்டார்கள். மகள் பத்தாவதில் சேர்ந்தாள். உயர்நிலைப் பள்ளிப் பட்டயத்துக்கு 30 கிரெடிட்டும் 40 மணி நேர சமூகத் தொண்டும் வேண்டும். ஊரில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் தருவது என்பதைப் பள்ளி முதல்வர் முடிவு செய்வார். மகள் தன் தொண்டு நேரத்தைப் பொது நூலகத்தில் கழித்தாள். அங்கேதான் தோழிகளும் கிடைத்தார்கள். பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளையோடு வருகிறவர்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவகாசம் குறைவு.

வாத்தியார் வேர்ஹவுஸுக்குப் போனார்

இங்கே ஆசிரியராக வேலை பார்க்க 'ஒன்டாரியோ ஆசிரியர் கல்லூரி'யில் பதிவு வேண்டும். பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது உரிமம் தரும் அமைப்பு. மதிப்பெண் பட்டியல்கள் பல்கலைக்கழகத்திலிருந்து அவர்களுக்கு நேராகப் போக வேண்டும். எப்படியும் பல மாதம் காத்திருக்க வேண்டிய வேலை. என்னுடைய துறைக்கு உரிமம் கட்டாயமில்லை. எனவே ஒரு முடிவெடுத்தோம். உரிமத்துக்காகக் காத்திருக்கிறவர் அந்தக் காலத்தில் கிடைத்த வேலைக்குப் போவது, உரிமம் தேவைப்படாதவர் தன் துறையை விட்டு நகராமல் தேடுவது.

அவர் ஒரு வேர்ஹவுஸில் இரவு ஷிப்டில் சேர்ந்தார். அந்த வருடம் அக்டோபரில் ஒன்டாரியோவின் குறைந்தபட்ச சம்பளம் மணிக்கு 16.55 டாலர். ஸ்கார்பரோவின் குட்டி மெட்ரோ ரயில் தடம் புரண்டு 2023 ஜூலையோடு நின்றுபோயிருந்ததால் போக வர பஸ்தான். காலையில் வந்து, குழந்தைகளுக்கு டிபன் கட்டி, பள்ளியில் விட்டுவிட்டுத் தூங்குவார். ஊரிலிருந்து போன் வந்தால், பெட்டி தூக்குகிற வேலை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார். அவர் மறைக்காததால் குழந்தைகளுக்கும் அது அவமானமாகத் தெரியவில்லை. ஏஜென்சி வழியாக இப்படி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வேலைக்கு அனுப்ப உங்களிடம் காசு வாங்குவது சட்டப்படி குற்றம். 2024 ஜூலை 1 முதல் ஏஜென்சிகளுக்கு மாகாண அரசின் லைசென்ஸும் கட்டாயம்.

எனக்கு நேரம் கிடைத்தது. ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, கணவர் பெயர் எல்லாவற்றையும் எடுத்தேன். டொரோண்டோவில் 2003-இல் தொடங்கிய 'டிரியெக்' என்ற அமைப்பு, புதிதாக வந்தவர்களை அதே துறையில் இருக்கும் ஒருவரோடு இணைத்துவிடுகிறது. எனக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒத்திகை இன்டர்வியூவில் என் பேச்சை நிறுத்தி, "கம்பெனி செய்ததை விடுங்கள், நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். அதன்பிறகு, எந்த வால்வில் எவ்வளவு ரிஜெக்ஷனைக் குறைத்தேன் என்று எண்ணோடு சொல்லப் பழகினேன்.

எனக்குக் கைகொடுத்தது ஐஎஸ்ஓ 9001. அந்தத் தர விதி கோவைப் பீளமேட்டிலும் ஒன்றுதான், ஒன்டாரியோவிலும் ஒன்றுதான். கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். பழைய பதவியைவிட ஒரு படி கீழே என்றாலும் அதே துறை. பிறகு ஸ்பெஷலிஸ்ட் ஆனேன். இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ள முடியாது. மாகாணப் பொறியாளர் அமைப்பின் உரிமம் உள்ளவர்களுக்கே அந்தப் பட்டம். அந்த உரிமத்துக்கு நான்கு வருட அனுபவமும் தொழில்நெறித் தேர்வும் வேண்டும்.

'கனடிய அனுபவம் இருக்கிறதா?' என்ற கேள்வி மெல்ல வலுவிழக்கிறது. அது பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-லேயே சொன்னது. பொறியாளர் அமைப்பு 2023 மே மாதத்தில் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2026 ஜனவரி 1 முதல் விளம்பரத்தில் அதைக் கேட்கக் கூடாது. இன்டர்வியூவில் வேறு விதமாகக் கேட்பார்கள், தயாராகப் போங்கள்.

அடுத்த முறை அவருக்கு

என் சம்பளம் நிலைத்ததும் அவர் வேர்ஹவுஸை விட்டார். இப்போது உரிமம் வாங்கி, விடுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்குப் பதிலாகப் பாடம் எடுக்கும் சப்ளை டீச்சராகப் போகிறார். நிரந்தர வேலை இன்னும் இல்லை. இடைக்காலத்தில் குடும்பத்தைத் தாங்கியவற்றில் ஒன்று அரசின் குழந்தை உதவித்தொகை. 6 முதல் 17 வயதுப் பிள்ளை ஒன்றுக்கு 2025–26-இல் ஆண்டுக்கு அதிகபட்சம் 6,748 டாலர். குடும்ப வருமானம் கூடினால் குறையும். இதற்கு வருமானமே இல்லாவிட்டாலும் கணவன், மனைவி இருவரும் வரி தாக்கல் செய்ய வேண்டும். உரிமத் தேர்வு, படிப்புச் செலவுக்கு 'வின்ட்மில்' என்ற அறக்கட்டளை 15,000 டாலர் வரை கடன் தருகிறது.

கனடாவுக்கு வரத் திட்டமிடும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான். டிக்கெட் போடும் முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் எழுதுங்கள். யாருடைய தொழிலுக்கு உரிமம் வேண்டும்? முதலில் கிடைத்த வேலைக்குப் போவது யார்? எந்த மாதத்தில் முறை மாறும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத வீடுகளில்தான் ஒருவர், பெரும்பாலும் மனைவி, தன் தொழிலை நிரந்தரமாக இழக்கிறார். பதில் எழுத முடியவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.