கூகரின் நடத்தையும் சூழலியல் பங்கும்

கூகர் என்பது அமெரிக்கக் கண்டங்களில் வாழும், பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஊனுண்ணிப் பாலூட்டி ஆகும். இது பூமா, மலைச் சிங்கம் எனவும் அழைக்கப்படுகிறது. கனடாவின் யூக்கான் பகுதி முதல் தென் அமெரிக்காவின் தென்முனை வரை, மலை, பாலைவனம், சதுப்பு நிலம், மழைக்காடு எனப் பலவகை வாழிடங்களில் காணப்படுகிறது. சிங்கம், புலி ஆகியவற்றைப் போல இதனால் கர்ச்சிக்க இயலாது.

நடத்தை

கூகர் பெரும்பாலும் தனித்து வாழும். நெடுந்தொலைவு துரத்தாமல், பதுங்கி நெருங்கிப் பாய்ந்து இரையின் கழுத்தைக் கடித்துக் கொல்லும். வட அமெரிக்காவில் மான்கள் இதன் முதன்மை இரையாகும். உண்டு மீந்த உடலை இலை, மண் கொண்டு மூடிவைத்து, அடுத்த சில நாட்களும் வந்து உண்ணும். குட்டிகள் புள்ளிகளுடன் பிறக்கின்றன. ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை தாயுடன் வாழ்கின்றன. பின்னர், குறிப்பாக இளம் ஆண்கள், புதிய எல்லை தேடித் தொலைதூரம் செல்கின்றன.

சூழலியல் பங்கு

கூகர் மான்களின் எண்ணிக்கையையும் அவை மேயும் இடங்களையும் கட்டுப்படுத்துகிறது. யூட்டா மாநிலத்தின் சையன் பள்ளத்தாக்கில் மக்கள் வருகை பெருகியதால் கூகர்கள் ஒதுங்கின. மான்கள் பெருகி இளமரக் கன்றுகளை மேய்ந்தன. புதிய மரங்கள் வளராததால் ஓடைக்கரைகள் அரிக்கப்பட்டன என 2006இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

கூகர் விட்டுச்செல்லும் இரையுடல் பிற உயிர்களுக்கு உணவாகிறது. யெல்லோசுடோன் சுற்றுவட்டாரத்தில் இத்தகைய உடல்களில் 200க்கும் மேற்பட்ட வண்டினங்கள் பதிவாகியுள்ளன. படகோனியாவில் இது கொன்ற குவானக்கோக்களின் உடல்களை ஆண்டிய காண்டோர் கழுகுகள் உண்கின்றன. கரடிகளும் ஓநாய்களும் கூகரை விரட்டிவிட்டு அதன் இரையைப் பறிப்பதுண்டு.

அச்சுறுத்தலும் பாதுகாப்பும்

வேட்டையாலும் வாழிட அழிவாலும் கிழக்கு வட அமெரிக்காவில் கூகர்கள் ஏறத்தாழ முற்றிலும் அழிந்தன. அங்கு எஞ்சியது புளோரிடாவின் சிறு கூட்டம் மட்டுமே. 1990களின் தொடக்கத்தில் அக்கூட்டத்தில் சுமார் 20 முதல் 30 விலங்குகளே இருந்தன. நெருங்கிய உறவுகளுக்கு இடையிலான இனப்பெருக்கத்தால் இதயக் குறைபாடும் வளைந்த வாலும் தோன்றின. 1995இல் டெக்சாசிலிருந்து 8 பெண் கூகர்கள் கொண்டுவந்து விடப்பட்டன. அதன் பின்னர் குறைபாடுகள் குறைந்தன. எண்ணிக்கையும் 100ஐத் தாண்டியது. ஆயினும் வாகனங்களில் அடிபட்டு இறப்பது இன்றும் தொடர்கிறது. இதனைக் குறைக்க நெடுஞ்சாலைகளின் அடியில் விலங்குகள் கடக்கும் சுரங்கவழிகளும், சாலையோர வேலிகளும் அமைக்கப்பட்டுள்ளன.