உதவுவோரைச் சட்டம் காக்கும்

பொம்மனஹள்ளி வழியே செல்லும் ஓசூர் சாலை, பெங்களூருவையும் தமிழ்நாட்டையும் இணைக்கும் பெருவழியாகும். இத்தகைய சாலையில் ஒருவர் அடிபட்டு விழுந்தால் கூட்டம் கூடும்; ஆயினும் தூக்கிவிடப் பலர் தயங்குவர். ‘காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அலைய நேரிடுமோ?’ என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

அவ்வச்சத்தைச் சட்டம் நீக்கியுள்ளது. விபத்தில் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் சட்ட வலிமை அளித்தது. 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கைம்மாறு கருதாமல், நல்லெண்ணத்துடன் உதவும்போது தவறு நேர்ந்துவிட்டாலும், உதவியவர்மீது வழக்குத் தொடர இயலாது என்பதே அதன் சாரம். தம் பெயரையும் முகவரியையும் கூறுமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

காயமுற்றபின் வரும் முதல் ஒரு மணி நேரத்தைப் ‘பொன்னான நேரம்’ என்பர். அந்நேரத்திற்குள் சிகிச்சை கிடைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

மாணவர்களே, விபத்தைக் கண்டால் சாலையின் நடுவே ஓடாதீர்கள். அருகிலுள்ள பெரியவர்களை அழையுங்கள். 108 என்னும் எண்ணில் ஆம்புலன்சை அழைத்து, அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தையோ கடையையோ அடையாளமாகக் கூறுங்கள். கழுத்திலும் முதுகிலும் அடிபட்டவரை அசைக்காதீர்கள். மயங்கியவருக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள்.

இச்சட்டத்தைப் பற்றி இன்றே உங்கள் பெற்றோரிடம் கூறுங்கள். வெளியூரில் வாழ்வதால் வழக்குக்கு அஞ்சி ஒதுங்குவோர் பலர். அவர்களது அச்சம் நீங்கினால் ஓர் உயிர் பிழைக்கக்கூடும்.