மீன் குழம்பும் பூனை ரத்தமும்

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. செட்டிகுளம், பாடாலூர் வட்டாரத்தில் பட்டறை போட்டுக் கொட்டி வைத்திருப்பார்கள். எலிக்குக் காவலாக அங்கேயே ஒரு பூனை சுருண்டு கிடக்கும். பச்சை வெங்காயத்தை அது மோந்துகூடப் பார்க்காது. வில்லங்கம் வருவது வீட்டுக்குள்ளிருந்து, மீன் குழம்புச் சட்டி வழியாக.

கட்டைப்பையில் பூனையை என்னிடம் வைத்தியத்துக்குத் தூக்கி வந்த ஆயா ஒருவர், "வெங்காயத்தையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் சார் பெசஞ்சு வெச்சேன்" என்றார். பூனையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் இருக்கவேண்டிய ஈறு, சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்திருந்தது. இரண்டு நாளாகச் சிறுநீர் கட்டங்காப்பி நிறமாம்.

ஆயா பொறுக்கிப் போட்டது சக்கையை. சாரம் ஏற்கெனவே குழம்பில் இறங்கிவிட்டது. வெங்காயத்துக்கு நெடி தரும் கந்தகச் சேர்மங்கள்தான் இங்கே வேலை செய்பவை. வதக்கினாலும் கொதிக்கவைத்தாலும் அவற்றின் நஞ்சு போகாது. பூண்டு இன்னும் மோசம்.

உள்ளே நடப்பது பால் திரிகிற கதைதான். ரத்தச் சிவப்பணுவைப் பால் பாத்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பால், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம். எலுமிச்சை பிழிந்தால் பால் கட்டி தட்டுகிறதல்லவா, வெங்காயச் சாரம் பட்டால் இந்தப் புரதமும் அப்படியே திரிகிறது. (எலுமிச்சை புளிப்பால் செய்வதை இது ஆக்சிஜனேற்றத்தால் செய்கிறது. திரிவது திரிவதுதான்.) திரிந்த கட்டி பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்துளியில் நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், அணுவின் விளிம்பில் கடுகு ஒட்டியதுபோலத் தெரியும். 1890-இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் ஹெயின்ஸின் பெயரையே அந்தக் கட்டிக்கு வைத்திருக்கிறார்கள்.

அதே குழம்பைத்தானே நாமும் தின்கிறோம்? சாரம் வந்து பிடிக்கும் கந்தக முனைகள் நம் ஹீமோகுளோபினில் 2, நாயில் 4, பூனையில் 8. அதனால் பூனையின் பால் சீக்கிரம் திரியும். வடிகட்டியும் அதற்குச் சரியில்லை. கெட்ட அணுக்களைப் பிடித்துச் சுத்தம் செய்யும் மண்ணீரல் நாய்க்கு டீ வடிகட்டி என்றால், பூனைக்கு வடை எடுக்கும் அரிகரண்டி. கட்டி ஒட்டிய அணுக்கள் நழுவி, ரத்தத்தில் சுற்றிச் சுற்றி வந்து உடைகின்றன. சோகை தெரிய இரண்டு மூன்று நாள் ஆகிவிடுவதால், யாரும் குழம்பைச் சந்தேகப்படுவதில்லை.

ரத்தம் இப்படிக் கெட, பூனையின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போதும். 3 கிலோ பூனைக்கு 15 கிராம், அதாவது சின்ன வெங்காயம் இரண்டு.

இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆக்சிஜன், சலைன், முற்றினால் ரத்தம் ஏற்றுதல், அவ்வளவுதான். சோர்ந்து கிடக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் உடைத்துப் போட்டுவிடாதீர்கள். அதுவும் இதே ஹீமோகுளோபினைத்தான் கெடுக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

ஆயாவின் பூனை பிழைத்தது. "அப்ப இதுக்குன்னு தனியா ஆக்கணுமா சார்?"

"வேணாம் ஆயா. குழம்புல போடறதுக்கு முன்னாடி ரெண்டு துண்டு எடுத்து, வெறும் தண்ணியில வேகவெச்சு, முள்ளெடுத்துட்டு வைங்க. உப்புகூட வேணாம்."

"உப்பில்லாம எப்படி சார் திங்கும்?" என்று பூனையைப் பாவமாகப் பார்த்தார்.